கோப்பியிலும் உயர்வு தாழ்வா?

கோப்பியைப் பற்றி எழுதுவதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ, நாட்டில் எழுதவேண்டிய விஷயங்கள் வேறொன்றும் இல்லையோ என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். யாரோடு உட்கார்ந்து உண்பது, யார் கையால் தண்ணீர் வாங்குவது என்னும் இரண்டு கேள்விகளைக் கொண்டே ஒரு பெரிய ஜனசமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்திருந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நமது வீடுகளில் அடுப்பின்மேல் கொதிக்கும் எந்தப் பாத்திரமும் அற்ப விஷயமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பாங்கில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தோம். நண்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நாம் அதே தோட்டத்துக் கிராணி வீட்டில் பிறந்தோம். அந்தத் தோட்டம் இன்று இல்லை. மரங்களை வெட்டிவிட்டு வீடுகளாகக் கட்டி விற்றுவிட்டார்கள். நண்பர் படித்துப் பட்டணத்தில் உத்தியோகம் தேடிக்கொண்டார். நாமோ ஆங்கிலப் பள்ளியில் படித்தும், தந்தையாரின் மேசை நம்மை விடாமையால், கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறோம்.

விருந்து முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்த சமயம், நண்பரின் தாயார் ஒரு தட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கோப்பைகளை வைத்து எடுத்து வந்தார். அந்த அம்மையாருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் வெட்டிய கை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, போத்தலில் வரக்கோப்பியை ஊற்றிக்கொண்டு மலைக்காட்டுக்குப் போனவர். கோப்பைகளில் இருந்தது, தோட்டத்தில் நாமெல்லாரும் குடித்து வளர்ந்த அதே கோப்பி. கறுத்துக் கெட்டியாகத் துணிப்பையில் வடித்து, விருந்து என்பதற்காக டின் பாலும் தாராளமாக ஊற்றியிருந்தார்.

அங்கிருந்தவர்களில் பட்டணத்துக் கனவான் ஒருவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன பாட்டி, கோப்பி கேட்டால் எஸ்டேட் ஆஸ்பத்திரி மருந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறீர்களே!" என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மருமகள் முகம் சிவந்து உள்ளே ஓடி, ஐந்து நிமிஷத்தில் பில்டரில் இறக்கிய டிகாக்‌ஷனோடு வந்தாள். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பாதி குடித்த கோப்பைகளையும் குடிக்காத கோப்பைகளையும் ஒன்றாகத் தட்டத்தில் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். கொல்லைப்புறக் குழாயடியில் அவற்றைக் கொட்டும் ஓசை கூடத்திலிருந்த நமக்குக் கேட்டது.

அந்தச் சிரிப்பில் நம் பங்கும் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. கனவான் சொன்னதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பெரிய மனிதர் சிரிக்கும்போது உடன் சிரிப்பது கிராணி ஜாதிக்குப் பரம்பரைப் பழக்கமும்கூட. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குழாயடி ஓசை காதைவிட்டுப் போகவில்லை.

நிற்க. கனவான் அதோடு விடவில்லை. பில்டர் கோப்பி வந்தவுடன் அரைமணி நேரம் ஒரு பிரசங்கமே செய்தார். கொட்டை இன்ன மலையினதாக இருக்கவேண்டுமாம். அன்றைக்கு வறுத்து அன்றைக்கே அரைக்கவேண்டுமாம். பித்தளைப் பில்டரில் துளித்துளியாக இறங்கவேண்டுமாம். தண்ணீர் கலவாத பசும்பால் வேண்டுமாம். டபராவிலும் டம்ளரிலுமாக ஒரு முழ உயரம் ஆற்றி நுரை கட்டவேண்டுமாம். "இதுதானய்யா தமிழன் கோப்பி. தோட்டத்தில் நம் ஜனங்கள் குடித்தது சீனன் கடைச் சரக்கு. கோப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று முடித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பில்டர் கோப்பி நன்றாயிருக்கும் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் நாளெல்லாம் நாமே தேடிப் போய்க் குடிக்கிறோம். நமக்கு நாக்கு இல்லாமற் போய்விடவில்லை. நாம் கேட்பதெல்லாம், "தமிழன் கோப்பி" என்னும் பட்டத்தை அதற்கு யார், எப்பொழுது கட்டினார்கள் என்பதையே.

தமிழ்நாட்டில் கோப்பிக்கு எவ்வளவு வயது? பாபா பூதன் என்னும் ஸூபிப் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து மைசூர்ச் சீமையின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அது மெய்யாயினும், மலையில் செடி இருந்ததேயன்றித் தமிழர் அடுப்பில் கோப்பி இல்லை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி, சேர்வராயன் மலைகளில் பயிரிட்டது சீமைக்கு ஏற்றுமதி செய்யவே. அது வீட்டுக்குள் புகுந்தது அந்நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்திலுமேயாகும். அதற்குமுன் காலையில் குடித்தது நீராகாரம். புகுந்த காலத்திலும் அதற்கு நல்ல பெயரில்லை. அது அந்நியப் பழக்கம், உடம்பைக் கெடுப்பது, பெண்களைச் சோம்பேறிகளாக்குவது என்று பெரியவர்கள் ஓலமிட்டார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை ஒரு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்நூலின் பெயரே "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்பது. ஆக, மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பு வீட்டைக் கெடுக்க வந்த பிசாசாக இருந்ததுதான் இன்று பாரம்பரியமாகிவிட்டது. பிசாசு பாரம்பரியமாவதற்கு நம்மவரிடையே அதிக நாட்கள் பிடிப்பதில்லை போலும்.

சுத்தம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். பில்டர் கோப்பிக்கு அந்தக் கறுப்பையும் கசப்பையும் கொடுப்பது சிக்கரி. அது கோப்பியன்று; ஒரு செடியின் வேர். நெப்போலியன் 1806இல் இங்கிலாந்தோடு வியாபாரத்தை முடக்கியபோது கோப்பி கிடைக்காமல் தவித்த பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரை வறுத்துக் குடித்துச் சமாளித்தார்கள். போர் முடிந்தும் அந்த ருசி விடவில்லை. பிற்காலத்தில் நம்மவரையும் வந்து பற்றிக்கொண்டது. இந்திய உணவுச் சட்டப்படி, கோப்பி-சிக்கரிக் கலவை என்று விற்கும் பொடியில் நூற்றுக்கு 51 பங்கு கோப்பி இருந்தால் போதும். மற்ற 49 பங்கும் வேராக இருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கு அந்த வேரின் கசப்பும் பிடிக்கும். பாதிக்குப் பாதி வேரைக் குடிப்பவர், இன்னொருவர் கோப்பையைப் பார்த்துக் "கோப்பியா இது?" என்று கேட்கலாகுமா என்பதே கேள்வி.

இனி டபராவுக்கு வருவோம். ஆற்றுவதற்கும், விரல் சுடாமல் பிடிப்பதற்கும் அது நல்ல பாத்திரமே. ஆனால் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு டம்ளரின் மடிந்த விளிம்பு எவ்வளவு உபகாரமாக இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் வாய் வைத்தது மற்றவருக்கு ஆகாது என்னும் எச்சில் சாஸ்திரம் அந்த வழக்கத்தின் வேர். (இது வறுத்துக் குடிக்கும் வேரன்று.)

வேறு நாடுகளில் கோப்பிக் கடையைக் கண்டு அரசர்களும் அதிகாரிகளும் பயந்தார்கள். 1511இல் மெக்காவின் அதிகாரி கோப்பியையே தடை செய்தார். 1675 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் அரசன் கோப்பிக் கடைகளையெல்லாம் மூடும்படி பிரகடனம் போட்டான். ஜனங்கள் கொதித்தெழவே, அடுத்த மாதமே அதை வாபஸ் வாங்கினான். காரணம் என்ன? பிரபுவும் வியாபாரியும் எழுத்தனும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே பானத்தைக் குடித்துக்கொண்டு ராஜ்ய விவகாரம் பேசினார்கள். நம் நாட்டு அரசர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஜனங்களே தனித்தனிப் பலகை போட்டுக்கொண்டார்கள்! கோப்பி ஓட்டல் தமிழ்நாட்டில் பரவியபோது அதனோடு "பிராமணாள்" என்ற பலகையும் பரவிற்று. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூடப் பிராமணருக்கு வேறு, மற்றவர்க்கு வேறு என்று இடம் பிரித்திருந்தார்கள். 1941இல்தான் அது ஒழிந்தது. பெயர்ப்பலகையோ சுதந்திரம் வந்த பிறகும் தொங்கிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் ஓட்டலின் முன் பெரியாரின் தொண்டர்கள் 1957இல் மாதக்கணக்காக மறியல் செய்து, சிறை சென்று, அந்தச் சொல்லை எடுக்கச் செய்யவேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் ஒடுக்கப்பட்டவர்க்கென்று தனிக் குவளை வைத்த கொடுமையை விவரிக்கவேண்டியதில்லை, அறியாதவர் இல்லை.

அம்பாங்குக் கனவான் ஜாதி பார்ப்பவரல்லர். மேடைகளில் சமத்துவம் பேசுபவர் என்றுகூடக் கேள்வி. ஆனால் ஒருவர் குடிப்பதைக் கொண்டு அவரைக் கீழே வைக்கும் அந்தப் பழைய வித்தையை அவர் நாக்கு மறக்கவில்லை. பலகையைக் கழற்றிவிட்டு ருசியை மாட்டிக்கொண்டார், அவ்வளவே.

இப்போது இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். "தோட்டத்துக் கோப்பிக்கும் கோப்பிக்கும் சம்பந்தமே இல்லை" என்றாரே! கோப்பியோடு சம்பந்தம் உள்ள தமிழர் உலகில் எவரேனும் உண்டென்றால், அவர் தோட்டத் தமிழர்தாம் என்கிறோம் நாம்.

1830களிலிருந்து கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் கோப்பித் தோட்டம் போட்டார்கள். அங்கே வேலைக்குப் போனவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்து ஏழைகள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர் எத்தனையோ பேர். 1869இல் அத்தோட்டங்களில் இலைத்துரு என்னும் நோய் கண்டது. இலையின் அடியில் மஞ்சள் பொடி போலப் பூத்து, இலையை உதிர்த்து, செடியைக் கொல்லும் பூஞ்சை அது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி பெரும்பாலும் அழிந்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறிற்று.

அந்த அழிவிலிருந்து தப்பிய தோட்டக்காரர்களில் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். மலைச் செடியான அராபிகாவை விட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபெரிகா என்னும் மரத்தைச் சிலாங்கூரிலும் பிற இடங்களிலும் நட்டார்கள். ஆள் உயரச் செடியன்று அது. வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டும் மரம். தாழ்ந்த நிலத்தின் வெப்பத்தைத் தாங்கும். இலை பெரிது; கொட்டையும் பெரிது, ஒருபக்கம் கோணியிருக்கும். 1880களிலும் 90களிலும் கிள்ளான், கோலாலம்பூர், காஜாங் சுற்றுவட்டாரங்களில் காட்டை அழித்து இதை நட்டவர்களில் தமிழ்க் கூலிகள் நிறைந்திருந்தார்கள். களை பிடுங்கியதும், பழம் பறித்ததும், தோலுரித்துக் காயவைத்ததும் அவர்கள் கைகளே. பிறகு பிரேசில் நாட்டில் அளவுக்கு மீறிக் கோப்பி விளைந்து, 1890களின் பிற்பாதியில் உலகெங்கும் விலை சரிந்தது. இங்கே பருந்துப்பூச்சியின் புழு வேறு இலைகளைத் தின்று தீர்த்தது. காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்துக் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் போன்றவர்கள் அதற்குள் ரப்பருக்குத் திரும்பிவிட்டார்கள். பால்மரம் வந்த கதை இதுவே. அதாவது, நாம் ரப்பர்த் தோட்டத் தமிழராவதற்கு முன்பு கோப்பித் தோட்டத் தமிழராக இருந்தோம்.

கனவானின் கூடத்திலிருந்து உலு லங்காட் வழியாகக் காஜாங்குக்கு மோட்டாரில் போனால் நெடுநேரம் ஆகாது. அம்பாங் மண்ணுக்கே ஒரு கதை உண்டு. 1857இல் ஈயம் தோண்ட இங்கே நடந்து வந்த 87 சீனத் தொழிலாளரில் ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். கோலாலம்பூர் பிறந்தது அந்தப் பிணங்களின்மேல். ஈயத்துக்குச் சீனரும் கோப்பிக்குத் தமிழருமாக உயிரைக் கொடுத்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, "சீனன் கடைச் சரக்கு, எஸ்டேட் மருந்து" என்று உதட்டைப் பிதுக்குவது என்ன நாகரிகமோ நமக்குத் தெரியவில்லை.

அந்தக் கோப்பி ஏன் அப்படிக் கறுத்தது, ஏன் அவ்வளவு இனித்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் மற்றச் சீனர்களுக்குப் பிந்தி வந்தவர்கள். நல்ல தொழில்களெல்லாம் முன்னே வந்தவர் கையில் இருந்தன. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்து, பிறகு சிறுகக் கடை வைத்தார்கள். உயர்ந்த கொட்டை அவர்களுக்கு எட்டாது. எட்டிய கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து, துணிப்பையில் வடித்து, காசுக்கேற்ற கனத்தோடு கொடுத்தார்கள். இல்லாமையிலிருந்து ஒரு ருசியைப் படைப்பது சாமானிய காரியமன்று. "கோப்பி ஓ கோசோங்" என்று நாம் கடையில் கேட்கிறோமே, அதில் "கோப்பி"யும் "கோசோங்"கும் மலாய், "ஓ" ஹொக்கியன், கேட்பவர் தமிழர். கடைக்காரர் யாரென்று எவரும் விசாரிப்பதில்லை. டபரா வழங்கிய ஊர்களில் இப்படி ஒரு பலகையில் இத்தனை பேர் உட்காரச் சென்ற நூற்றாண்டின் பாதி செலவாயிற்று.

தோட்டத்தில் கடைகூட இல்லை. விடியுமுன் அடுப்பு மூட்டி, பொடியைப் பானையிலேயே கொதிக்கவிட்டு, சீனியை அள்ளிப் போட்டு, போத்தலில் நிரப்பிக்கொண்டு போவார்கள். காலை ஆகாரம் அதுதான். பால்மரம் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். ஆகவே உண்பதற்கு நேரமில்லை. சீனி அந்த நேரத்தின் சோறு. மாடு வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் பால் பட்டணத்துக்கும் கிராணி வீட்டுக்கும் போயிற்று. கறந்தவர் வரக்கோப்பி குடித்தார் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கிராணி வீடுகளில் ஒன்று நம் வீடு. பசும்பால் கோப்பியின் ருசி நமக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருந்ததற்குக் காரணம் நம் நாக்கின் உயர்வன்று.

கிராணிமாரின் உயர்வைப் பற்றி இன்னும் ஒன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிளர்ச்சி அது. சர்க்கார் பட்டாளத்தை இறக்கிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டார்கள். அவர்கள் கேட்டவற்றுள் கூலி உயர்வும், கள்ளுக்கடையை மூடுவதும், பிள்ளைகளுக்குப் படிப்பும் இருந்தன. கூடவே, துரைக்கும் கிராணிக்கும் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. தமிழ்நாட்டு ரயில் நிலையத்தில் சாப்பாட்டு அறைத் தடுப்பு விழுந்த அதே ஆண்டில், இங்கே ஒரு தமிழன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே இன்னொரு தமிழனைக் கடந்து போவதற்குப் போராடிக்கொண்டிருந்தான்! துரை இறங்கச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். கிராணி இறங்கச் சொன்னதற்கு எந்த வெள்ளையனைக் குறை கூறுவது? சைக்கிள் போயிற்று, துரையும் போனார். தோட்டத்தில் இன்று வேலை செய்பவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். ஆயினும் அம்பாங்கில் ஒரு மூதாட்டியின் கோப்பையைக் கீழே வைத்தபோது கேட்ட சத்தமும் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன சத்தமும் நம் காதுக்கு ஒன்றாகவே இருக்கின்றன.

பழைய வைதீகம் போதாதென்று இப்போது புதிய வைதீகம் ஒன்று பட்டணத்தில் கிளம்பியிருக்கிறது. தராசில் கொட்டையை நிறுத்து, வெந்நீரின் சூட்டை அளந்து, கொக்குக் கழுத்துக் கெண்டியிலிருந்து வட்ட வட்டமாக ஊற்றி, காகிதத்தில் வடித்துத் தருகிறார்கள். அதில் பாலும் சீனியும் கலப்பது பஞ்சமாபாதகங்களில் ஒன்று. கேட்டால் பரிசாரகன் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறான். அந்தக் கடைகள் சிலவற்றில் இப்போது லைபெரிகாவும் வந்துவிட்டது. உலகச் சந்தையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத அபூர்வ இனமாம் அது; இங்கே பந்திங்கிலும் ஜொகூரிலும் விளைகிறது. பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் "பலாப்பழ வாசனை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மைதான். மலாய்க்காரர் அதை வெகுகாலமாக "கோப்பி நங்கா", அதாவது பலாக் கோப்பி, என்றே அழைக்கிறார்கள். நம் தோட்டத்துப் பாட்டிமாரின் துணிப்பையில் அதே வாசனை எழுந்தபோது அது நாற்றம். கண்ணாடிக் குடுவையில் எழுந்து பதினைந்து வெள்ளி விலை போட்டால் பரிமளம். நம்மில் சிலருக்கு, நம் வீட்டுப் பொருளையே அயலான் முகர்ந்து பார்த்து நல்லதென்று சொன்ன பிறகுதான் மூக்கு திறக்கிறது.

அப்படியானால் எவரும் எதையும் எப்படியும் குடிக்கலாம், குறை சொல்லவே கூடாது என்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. டின் பாலைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. சிஸிலி வில்லியம்ஸ் என்னும் மாதரசியார், மருத்துவர், 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தாரின் முன் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே ஒரு பிரசங்கம் செய்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டி ஏழைத் தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுப்பதையும், அப்பாலை விற்க விளம்பரம் செய்வோரையும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். இன்று குழந்தைகளை விட்டுப் பெரியவர்களைப் பார்த்தால், 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்குப்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர் முன்வரிசையில் நிற்கிறார்கள். மலைக்காட்டில் உழைத்த உடம்புக்குச் சோறாக இருந்த சீனி, மேசையடியில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்புக்கு விஷம். ஆவி பறக்கக் குடிப்பதையும் விடவேண்டும். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் அது தொண்டைக் குழாயில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2016இல் கூறியிருக்கிறது. கோப்பியின்மேல் முன்பு சுமத்தியிருந்த பழியை அதே சமயம் நீக்கியும்விட்டது. பொடியை நீரிலேயே கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடித்தால் இரத்தத்தில் கொழுப்பு கூடும் என்பதும் மெய்.

இவை வைத்தியர் பேசும் பேச்சு. "பாட்டி, உங்களுக்குச் சீனி ஆகாது, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுபவர் அந்த அம்மையாரின் ஆயுளை நினைக்கிறார். "இது மருந்துத் தண்ணீர்" என்று சிரித்தவர் எதை நினைத்தார்?

நமது சொந்த ருசி என்னவென்று வாசகர் கேட்கலாம். காலையில் கணக்கறையில் சீனியில்லாத கோப்பி ஓ. பழக ஆறு மாதம் ஆயிற்று. முதல் மாதம் வேப்பங் கஷாயந்தான். மாலையில் கிடைத்தால் பில்டர் கோப்பி, அரைச் சீனி. தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிப்பதில்தான் நமக்கு முழுத் திருப்தி. அகன்ற தட்டில் சூடு சீக்கிரம் இறங்குகிறது. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து வாசனை மூக்குக்கு ஏறுகிறது. ஆங்கிலப் பள்ளியில் ஓர் ஆசிரியை, கோப்பைத் தட்டில் ஊற்றுவதும் சத்தத்தோடு உறிஞ்சுவதும் காட்டுமிராண்டித்தனம் என்று நமக்குப் போதித்தார். கோப்பியைத் தரம்பிரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் கரண்டியிலிருந்து எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறார்களோ அவ்வளவுக்கு ருசி தெரியும் என்று வெகு நாட்களுக்குப் பிறகு அறிந்தோம். இருந்தும் நாலுபேர் முன்னிலையில் தட்டில் ஊற்ற இன்றும் கை கூசுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு சொல் கையை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்குமானால், எழுபத்தைந்து வயதில் தன் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கிழவி கேட்ட சொல் என்ன செய்திருக்கும்?

இது மனதை அறுத்தபடியால், இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அம்பாங்குக்குப் போனோம். நண்பர் வீட்டில் இல்லை. மூதாட்டிதான் கதவைத் திறந்தார்.

"வாங்க கிராணி ஐயா" என்றார். நம் தந்தையாரை அழைத்த அதே சொல். தம்பி என்றே கூப்பிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. நாக்கு திரும்ப மறுக்கிறது அவருக்கு.

"கோப்பி குடிக்க வந்தேன் அம்மா. அன்றைக்குப் போட்டீர்களே, அதே கோப்பி" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் பளபளவென்று புது எவர்சில்வர் டபராவும் டம்ளரும் இருந்தன. மேலே நுரை இல்லை. ஆற்றும்போது கை நடுங்கியிருக்கவேண்டும், டபராவில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

"மருமகள் சொல்லிக்கொடுத்தாள், ஐயா. சரியா வந்திருக்கா பாருங்க. அந்தப் பழைய துணியைத் தூக்கிப் போட்டாச்சு" என்றார்.

குடித்தோம். டிகாக்‌ஷன் தண்ணீராக இறங்கியிருந்தது. நன்றாயிருக்கிறது என்றோம். அவர் நமக்கு எதிரில் உட்காரவில்லை. அடுக்களை வாசலில் நின்றபடியே நாம் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு இல்லையா என்று கேட்டோம். "நான் அப்புறம் குடிச்சுக்கிறேன், ஐயா" என்றார். அவருக்குப் பின்னால், அடுப்புத் திண்ணையில், தட்டு போட்டு மூடிய ஓர் எனாமல் குவளை இருந்தது.